நம்பிக்கை, விசுவாசம், ஈமான்: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி, 2025 ஏப்ரல் 21

நம்பிக்கை என்றால் ஆதாரம் இல்லாமல் ஒன்றை ஏற்றுக்கொள்வது. ஆதாரம் இருந்தால் அதன் பெயர் அறிவு. விசுவாசம், ஈமான், பக்தி எல்லாம் இதற்கே மதத்துக்கு ஒன்றாக வைத்த பெயர்கள். வேறு அர்த்தம் இருக்கிறது என்பவர்கள் சொல்லுங்கள்.

2025 ஏப்ரல் 21, இரவு

இல்லை தம்பி, அவ்வளவு சுருக்கமாக முடியாது. மதுரையில் சிம்மக்கல் பக்கம் 31 வருசமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி போஸ்டர், ஜெபக்கூட்ட நோட்டீஸ், காதணி விழா அழைப்பு எல்லாம் ஒரே மேசையில் ஓடும். நீங்கள் சொன்ன சொற்கள் என் கையில் படாத வாரமே கிடையாது.

போன மாதம் ஒரே நாளில் நடந்தது. காலையில் ஒரு சபை நோட்டீஸ்: "விசுவாசிகள் அனைவரும் வருக." மதியம் ஒரு கட்சி போஸ்டர்: "அண்ணனின் உண்மை விசுவாசிகள்." இரண்டுக்கும் ஒரே எழுத்துரு. காலையில் வந்தவர் காணாத கடவுளை ஏற்றவர். மதியம் வந்தவர் தினமும் பார்க்கிற தலைவரை விட்டு ஓடாதவர். சாயங்காலம் டீக்கடையில் ஒருத்தர் தன் நாயைத் தடவிக்கொண்டு "இதுக்கு இருக்கிற விசுவாசம் எவனுக்கு இருக்கு" என்றார். எஜமான் இருக்கிறாரா இல்லையா என்ற சந்தேகம் அந்த நாய்க்கு எந்தக் காலத்திலும் வந்திருக்காது. இதில் ஆதாரம் இல்லாமல் ஏற்பது எங்கே வருகிறது?

2025 ஏப்ரல் 22

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். சொல்லைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நிற்கிற உருபைப் பாருங்கள்.

"அவர் வருவார் என்று நம்புகிறேன்." இதில் ஒரு செய்தி இருக்கிறது. அது உண்மையாகலாம், பொய்யாகலாம். உங்கள் கேள்வி இந்த ஒன்றைப் பற்றியது மட்டும்.

"அவரை நம்புகிறேன்." இதில் செய்தி ஒன்றும் இல்லை, ஆள்தான் இருக்கிறார். அவர் உலகத்தில் இருக்கிறார் என்று யாரும் இங்கே வாதம் செய்யவில்லை. என்னைக் கைவிட மாட்டார் என்பதுதான் பேச்சு.

"அவர் மேல் நம்பிக்கை." இது இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

சாமி விஷயத்தில் மூன்றும் கலந்துபோகிறது. "கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்" என்பவரும் "கடவுளை நம்பி இருக்கிறேன்" என்பவரும் வேறு வேறு ஆள். முதல் ஆள் தேர்வு எழுதுகிறார். இரண்டாவது ஆள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

2025 ஏப்ரல் 22, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. "நம்பி" என்ற எச்சத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். நம்பிக் கொடுத்தேன். நம்பி இறங்கினேன். உன்னை நம்பித்தான் பெண்ணைக் கட்டிக்கொடுத்தோம். "நம்பி" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதிரில் இருப்பவர் "நம்பி?" என்று கேட்பார். அடுத்து ஒரு வினை வந்தே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் மண். அப்பா மானாவாரியில் பருத்தியும் சோளமும் போட்டவர். "மழையை நம்பி விதைச்சோம்" என்பார். மழை வரும் என்று அவர் ஒருநாளும் உறுதி சொன்னதில்லை. வராத வருசங்களைத்தான் அவர் அதிகம் பார்த்தவர். ஆனாலும் விதைப்பார். விதைத்ததுதான் நம்பியது. அவர் மனதில் என்ன ஓடியது என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. ஏர் ஓடியது எல்லோருக்கும் தெரியும்.

2025 ஏப்ரல் 24

பைபிளில் நம்பிக்கை என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது எனக்குத் தெரிந்த இடம்தான், வசனம் எத்தனையோ தரம் கோத்திருக்கிறேன். கொரிந்தியர் முதல் நிருபம் 13ஆம் அதிகாரம் 13ஆம் வசனம்: "இப்பொழுது விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது, இவைகளில் அன்பே பெரியது." விசுவாசம் தனி, நம்பிக்கை தனி. இங்கே நம்பிக்கை என்பது இனி வரப்போகும் நல்லதை எதிர்பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் படித்த நன்னம்பிக்கை முனையும் இந்த அர்த்தம்தான். 1488இல் போர்ச்சுகீசியக் கப்பல் அந்த முனையைச் சுற்றிய பிறகு, இந்தியாவுக்கு வழி கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் வைத்த பெயர். அதை விசுவாச முனை என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஆக, நம்பிக்கையை எதிர்பார்ப்பு என்ற அர்த்தத்தில் தமிழுக்குக் கொண்டுவந்தது பாதிரிமார்கள்தான்.

2025 ஏப்ரல் 25

நேற்றைய குறிப்பில் இரண்டு தப்பு. இரண்டையும் திருத்துகிறேன்.

முதலாவது, ஒரு கத்தோலிக்க நண்பர் போனில் பிடித்துக்கொண்டார். அவர்கள் கையில் இருக்கும் 1995ஆம் வருசப் பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்றுதான் இருக்கிறது. சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) வீட்டில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொல், கத்தோலிக்க வீட்டில் முதல் நாற்காலிக்கு வந்துவிட்டது. காலியான இடத்தில் எதிர்நோக்கு வந்து உட்கார்ந்தது. விசுவாசம் வெளியே போய்விட்டது. பூசையில் சொல்கிற விசுவாசப் பிரமாணமும் இப்போது நம்பிக்கை அறிக்கை ஆகிவிட்டது என்றார். இத்தனை வருசம் இரண்டையும் அச்சடித்திருக்கிறேன், பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்ததில்லை.

இரண்டாவது தப்பு பெரிது. எதிர்பார்ப்பு என்ற அர்த்தம் பாதிரிமார்கள் கொண்டுவந்தது என்று எழுதியிருந்தேன். தொல்காப்பிய உரியியலில் "நம்பும் மேவும் நசையா கும்மே" என்று இருப்பதை ஒரு தமிழாசிரியர் எடுத்துக் காட்டினார். நசை என்றால் விருப்பம். அதாவது நம்பு என்ற சொல்லுக்கு நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய பொருளே ஆசைப்படுவது. ஒன்றை விரும்பி அது வரும் என்று காத்திருப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பாதிரிமார்கள் கொண்டுவரவில்லை, இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா விதைத்ததும் நசைதானோ?

2025 ஏப்ரல் 27

தம்பி திரும்ப வந்து, "சரி, ஆளை நம்புவதும் ஆதாரம் இல்லாமல்தானே" என்கிறார்.

சொந்த அனுபவம் சொல்கிறேன். 2011இல் எங்கள் தெருவில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்தினார். 20 பேர், மாதம் 3,000. பதிவு கிடையாது, ஒரு கட்டம்போட்ட நோட்டு மட்டும். தீபாவளிக்கு என் வீட்டுக்கு முறுக்கு வரும், என் மகள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள். 14ஆம் மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. கசர், அதாவது ஏலத் தள்ளுபடியில் வந்த பங்கு, போக 38,000 ரூபாய் எனக்குப் போனது. சிலருக்கு என்னைவிட அதிகம். ஒரு தையல்கார அம்மா மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த மொத்தப் பணமும் அதில் போய்விட்டது.

புகார் எழுதிக்கொடுத்தோம். எழுதியவர் "நம்பிக்கை மோசடி" என்று எழுதினார். அப்போது அது இந்திய தண்டனைச் சட்டத்தில் 406ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 316. அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. 38,000க்காக இல்லை. நான் நம்பினேன் என்று அரசாங்கத் தாளில் எழுதியிருக்கிறது, நான் என்ன பார்த்து நம்பினேன் என்று எழுத ஒரு வரி கூட இல்லை. முறுக்கைப் பார்த்து நம்பினேன். நோட்டைப் பார்க்கவில்லை. பார்க்கக் கேட்டிருந்தால் அந்த அக்கா காட்டியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், காட்டியிருந்தால் ஆறாம் மாதமே தெரிந்திருக்கும்.

திருக்குறளில் இதற்கென்றே ஒரு அதிகாரம், 51ஆவது, தெரிந்து தெளிதல். பத்துக் குறளிலும் நம்பு என்ற சொல் கிடையாது. தேறு, தெளி என்ற சொற்கள்தான். கலங்கிய தண்ணீர் அடியில் தங்கித் தெளிகிற மாதிரி, பார்த்துப் பார்த்து மனசு தெளிய வேண்டும், அதுதான் ஒருவரை நம்புவது. 508ஆம் குறள்: "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்."

ஆராயாமல் நம்புவது தீராத துன்பம். நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் அதே அளவு துன்பம். இரண்டாவதை நம்மில் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அந்த அக்காவுக்குப் பிறகு நான் பத்து வருசம் அப்படித்தான் இருந்தேன். கடையில் வேலை செய்கிற பையன் காகிதம் எண்ணினால் நான் மறுபடி எண்ணுவேன். அவன் என்னிடம் 12 வருசமாக இருக்கிறான், ஒரு தாள் குறைந்ததில்லை.

2025 ஏப்ரல் 27, சற்று நேரம் கழித்து

எண் தப்பு. மேலே சொன்னது 510. 508 "தேரான் பிறனைத் தெளிந்தான் வழிமுறை" என்று தொடங்கும். இரண்டும் "தீரா இடும்பை தரும்" என்றே முடிவதால் மாறிவிட்டது.

2025 ஏப்ரல் 29

அதே சொல் நம் ஊரில் எங்கே வருகிறது என்று நேற்று ராத்திரி சட்டென்று பட்டது. பாண்டியன் சபையில் கண்ணகி எடுத்த எடுப்பில் சொல்வது "தேரா மன்னா செப்புவது உடையேன்." தேரா மன்னன், ஆராயாத மன்னன். கொடியவன், அநியாயக்காரன் என்றெல்லாம் அவள் கூப்பிடவில்லை. ஆராயாமல் தெளிந்தவன் என்கிறாள். அவனும் கடைசியில் அதையேதான் ஒப்புக்கொள்கிறான்: "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்." ஒரு ஆளின் பேச்சை உரசிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன், ஆகையால் நான்தான் திருடன்.

தெற்காவணி மூல வீதியில் என் சகலை நகை வேலை செய்கிறார். அவர் கையில் உரைகல் இல்லாமல் நான் பார்த்ததில்லை. அண்ணன் மகன் மோதிரம் கொண்டுவந்தாலும் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். யாரும் அவரிடம் கோபித்துக்கொண்டதில்லை. தம்பி, அந்தக் கோடு நம்பிக்கைக்கு எதிரி என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்தக் கோட்டினால்தான் அவரை நம்பி ஊரே நகையைக் கொடுக்கிறது.

2025 மே 2

விசுவாசம் வடசொல், நம்பிக்கை தமிழ்ச்சொல், ஆகையால் முதலாவதை விட்டுவிடலாம் என்று ஒருவர். விடுவதும் வைப்பதும் அவரவர் பாடு. ஆனால் அந்தச் சொல்லின் உள்ளே பாருங்கள். சுவாசம் இருக்கிறது. பயம் தெளிந்து மூச்சை இழுத்து விடுவது, அதுதான் வேர்ப்பொருள். சீட்டு போனதற்குப் பிறகு அந்தப் பத்து வருசம் எனக்கு இல்லாதது அதுதான், வார்த்தைக்கு வார்த்தை.

2025 மே 3

சிரத்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் மேலே ஒருவர். சேர்க்கலாம். "சிரத்தையாப் படி" என்று நாம் கவனம் என்கிற பொருளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வடமொழியில் அது இதயத்தை ஒன்றின் மேல் வைப்பது. அதிலிருந்து வந்ததுதான் சிராத்தம். இலத்தீனில் நம்புகிறேன் என்பதற்கு உள்ள சொல்லும் இதே வேர். அந்த இலத்தீன் சொல்லின் பிள்ளைதான் பேங்கில் சொல்கிற கிரெடிட். அமாவாசைக்கு வைகைக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவரும், பையில் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறவரும் சொல் வழியில் பங்காளிகள். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

2025 மே 5

காஜிமார் தெருவில் ஒரு பாய், என் பழைய வாடிக்கை. ஊருக்குப் போகும்போது கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "அமானிதமா இருக்கட்டும் அண்ணே" என்பார். அமானிதம் என்றால் ஒப்படைத்த பொருள். சாவியைப் போட்டுக் கடையைத் திறந்து பார்க்கவும் கூடாது, சாவியைத் தொலைக்கவும் கூடாது, கேட்கிற நேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈமான் என்பதும் அமானிதம் என்பதும் ஒரே அரபு வேர், பாதுகாப்பு என்ற பொருள் அதற்கு என்று அவர்தான் சொன்னார். எபிரேயத்தில் அதற்கு உடன்பிறந்த வேரிலிருந்துதான் ஆமென் வருகிறது. சபைக்காரர்கள் ஜெபத்தை முடிக்கும்போது சொல்வதும் பாய் என் கையில் வைக்கும் சாவியும் தாய்வழிச் சொந்தம்.

பாருங்கள், விசுவாசத்தின் அடியில் மூச்சு, சிரத்தையின் அடியில் நெஞ்சு, ஈமானின் அடியில் காவல், நம்பிக்கையின் அடியில் ஆசை. "ஆதாரம் இல்லாமல்" என்பது இவற்றில் எதன் அடியிலும் இல்லை.

2025 மே 6

சட்டசபையில் நம்பிக்கை வாக்கு கோருவது எந்த அர்த்தம் என்று கேட்டவருக்கு: அதில் எண்ணிக்கைதான் அர்த்தம். 2017 பிப்ரவரி 18இல் எடப்பாடி பழனிசாமி கோரியபோது 122க்கு 11. மனசு எங்கே இருந்தது என்பது அங்கே கேள்வியே இல்லை. இதற்கு மேல் அரசியல் வேண்டாம், இழை கெட்டுவிடும்.

2025 மே 8

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது உண்மையில் மண்குதிர் என்று வழக்கம்போல ஒருவர் போட்டுவிட்டார். குதிர் என்றால் ஆற்று மணல்மேடாம். எங்கள் வீட்டில் குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கிற மண்கூடு, ஆள் உயரம் இருக்கும். ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மேலூர் பக்கமும் சிவகங்கைப் பக்கமும் புரவி எடுப்பு பார்த்தவர்களுக்குப் பழமொழியைத் திருத்த வேண்டிய தேவையே வராது. வேளார் செய்து சுட்ட குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனாருக்கு நிறுத்துவார்கள். மண்குதிரை இந்தச் சீமையில் எல்லோரும் தொட்டுத் தூக்கிய பொருள். அதன் மேல் ஏறி ஆற்றைக் கடக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. அது அய்யனார் ஏறுவதற்கு. நேர்ந்துகொண்டதைச் செலுத்துவதற்கு. அதற்குப் பெயரே நேர்த்திக்கடன். கடன் என்ற சொல்லை அதில் யார் போட்டார்களோ, சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

2025 மே 13

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். பட்டு என்ன நிறம் என்று பார்க்க எத்தனை லட்சம் பேர். பச்சை என்றால் விளைச்சல் என்று பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அழகர் மலையை விட்டுப் புறப்படும் முன் அவர் போட்டிருக்கிற நகைகளின் பட்டியலைப் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் மறுபடி வாசித்துச் சரிபார்ப்பார்கள். அங்கே கருப்பன் என்பது ஒரு மூடிய கதவு, சந்தனம் பூசிய கதவு. அந்தக் கதவின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. கோர்ட்டில் முடியாத பங்காளிச் சண்டையை அந்தப் படியில் சத்தியம் வைத்து முடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தம்பி, இதை நீங்கள் எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? கதவைச் சாமி என்கிறார்கள், அதற்கு ஆதாரம் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாமியின் முன்னால் நகையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர்களுக்குச் சாமி மேல் சந்தேகம் கிடையாது. எண்ணாமல் விட்டால்தான் அது மரியாதைக் குறைச்சல்.

2025 மே 15

நேற்று அத்தையைப் பார்க்க உசிலம்பட்டி போனேன். 80க்கு மேல் வயது. வருசம் தவறாமல் கிடா வெட்டுகிறவர். அவரிடம் கேட்டேன், "அத்தை, உங்களுக்குச் சாமி மேல நம்பிக்கை இருக்கா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சாமி என்னடா நம்மகிட்ட கைமாத்து வாங்கியிருக்கா, நம்புறதுக்கு?"

அவர் பேச்சில் நம்புவது என்பது ஏமாற்றக்கூடிய ஆளிடம் செய்வது. மனுசனோடு. அவருடைய மொய் நோட்டைப் பார்த்தால் தெரியும், 1980களிலிருந்து யார் யாருக்கு என்ன செய்முறை போனது, என்ன திரும்பி வந்தது, எல்லாம் எழுதியிருக்கிறது. கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, வட்டியும் இல்லை. ஆனால் 25 வருசம் கழித்துக் காதணி விழாவுக்கு வந்து, போட்டதற்கு மேல் ஐநூறு சேர்த்துப் போட்டுவிட்டுப் போகிறான் ஒருவன். அதுதான் அவருக்கு நம்பிக்கை. சாமியை அவர் நம்பவில்லை. சாமி இருக்கிறது, கூழ் ஊற்ற வேண்டும், ஊற்றுகிறார்.

இதற்குப் பிறகு ஏப்ரல் 22 குறிப்பில் நான் எழுதிய பஸ் உதாரணம் எனக்கே போதவில்லை. அத்தை பஸ்ஸில் ஏறியவர் இல்லை. அவர் அந்த ஊரிலேயே இருப்பவர்.

2025 மே 19

எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

2009இல் அப்பாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நுரையீரல். ஒன்பதாம் நாள் அம்மா டாக்டரிடம் கேட்டார், "நம்பிக்கை இருக்கா சார்?" டாக்டர் நல்ல மனிதர், இளவயசு. "நம்பிக்கையா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா வெளியே வந்து என்னிடம் கேட்டார், "இருக்குங்குறாரா, இல்லைங்குறாரா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா கேட்டது பிழைப்பதற்கு வழி உண்டா என்று. அவர் சொன்னது நீங்கள் தெம்பாக இருங்கள் என்று. ஒரே சொல்லில் கேள்வி போனது, அதே சொல்லில் பதில் வந்தது, இரண்டும் சந்திக்கவே இல்லை. எனக்கு அது அப்போதே தெரிந்தது. சொல்லை வைத்துத்தானே பிழைப்பு நடத்துகிறேன். தெரிந்தும் "இருக்குன்னுதான் சொல்றார்" என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் அதை நம்பி வீட்டுக்குப் போய், அப்பா வந்தால் படுக்க என்று கட்டில் கயிறெல்லாம் இழுத்துக் கட்டி வைத்தார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

அம்மா அந்த டாக்டரைக் குறை சொன்னதில்லை. என்னையும் கேட்டதில்லை. ஆனால் இந்த இழையில் "நம்பிக்கை என்றால் இதுதான், அவ்வளவுதான்" என்ற முதல் வரியைப் படித்தவுடன் எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம் வந்தது. சொல்லை ஒன்றாக்கிவிட்டால் அந்த மாதிரி இடத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கவும் வழியில்லை, சொல்லவும் வழியில்லை. அதனால்தான் ஒரு மாதமாக விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2025 மே 20

எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதியதைப் படித்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் இருந்தது எனக்குத் தெரியாது.

2025 மே 26

ஒரு வேலை வந்திருக்கிறது, இந்த இழைக்கென்றே அனுப்பிய மாதிரி. பெண் நரிமேடு, சி.எஸ்.ஐ. மாப்பிள்ளை வீடு கீழவெளி வீதிப் பேராலயத்துப் பங்கு, கத்தோலிக்கர். பத்திரிகையில் அன்பைப் பற்றிய வசனம் வேண்டும் என்று இரண்டு வீட்டுக்கும் ஆசை. இரண்டு வீட்டுக்கும் அதே 13:13. பெண் வீட்டார் எழுதிக் கொடுத்த தாளில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. மாப்பிள்ளை வீட்டார் தாளில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒன்றில் அன்பு "பெரியது", மற்றதில் "தலைசிறந்தது".

கடையில் நின்றே பேச்சு ஏறிவிட்டது. பெண்ணின் சித்தப்பா, "விசுவாசம் இல்லாத வசனம் வசனமா?" மாப்பிள்ளையின் அக்கா, "எதிர்நோக்குன்னா உங்களுக்கு ஏன் வலிக்குது?" நான் குறுக்கே போய், மடிக்கிற கார்டுதானே, இடது பக்கம் அது, வலது பக்கம் இது, இரண்டும் போடலாம் என்றேன். சம்மதித்தார்கள்.

2025 ஜூன் 2

பிளேட் வீணாகிவிட்டது. புரூஃப் இரண்டு தரம் நான் பார்த்து முடித்திருந்தேன். கடைசி நேரத்தில் பையன் கண்ணில் பட்டிருக்கிறது: இடது பக்கம் நம்பிக்கை இரண்டாவதாக, வலது பக்கம் முதலாவதாக. ஒரே வசனம் என்று மேலே எண் வேறு இருக்கிறது. முதலாளி தப்பு விட்டுவிட்டார் என்று நினைத்து வலது பக்கத்தை இடது மாதிரியே திருத்திவிட்டான். எதிர்நோக்கு போய்விட்டது. 40 கார்டு ஓடிய பிறகு பார்த்தேன்.

அவன் செய்தது சரி. வசனம் தெரியாத யாரும் அதைத்தான் செய்வார்கள். அவனை உட்காரவைத்து இரண்டு பைபிளையும் திறந்து காட்டினேன். கவனமாகப் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்ப நம்பிக்கைன்னா எது?" என்றான். மறு பிளேட் போட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினோம்.

மீதிக் கார்டுகளை அவன் எண்ணி வைத்தான். நான் மறுபடி எண்ணவில்லை.

2025 ஜூன் 5

பத்திரிகை 400 எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாங்க வந்தது மாப்பிள்ளையின் அக்காவும் அவர்கள் பாட்டியும். அக்கா பிரித்து வலது பக்கத்தைப் பாட்டிக்குக் காட்டி, நம்ம வசனம் என்றார். பாட்டி கண்ணாடி கொண்டுவரவில்லை. "வாசி" என்றார். அக்கா வாசிக்க ஆரம்பித்ததும் பாட்டியும் கூடவே மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார்: "விசுவாசம், நம்பிக்கை..." அக்கா நிறுத்திவிட்டார்.

"அது பொண்ணு வீட்டுது பாட்டி."

"நான் சின்னப் பிள்ளையில படிச்சது இதுதான்" என்றார் பாட்டி. பிறகு இடது பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் விரலை வைத்துக்கொண்டார்.